கேட்காத ஒன்பது லட்சம்

சூரத்,
ஆகஸ்ட் 20

அகண்ட சௌபாக்கியவதி தங்கை ஹன்சாவுக்கு மோட்டாபாயின் ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா.

நானும் உன் பாபி சரளாவும் சௌக்கியம். பாவ்நகரில் நீயும் மாப்பிள்ளை நவீன்குமாரும் எப்படி இருக்கிறீர்கள்? ராக்கி வந்தது. கட்டிவிட நீ பக்கத்தில் இல்லாததால் நானே ஒரு கையால் கட்டிக்கொண்டேன். முடிச்சு கோணலாக இருக்கிறது, அன்பில் கோணல் இல்லை.

நீ கடையில் போட்டிருக்கும் ஒன்பது லட்சத்துக்கு இந்த மாத வட்டியை இந்தக் கடிதத்தோடு ஆங்கடியாக்காரர் கையில் கொடுத்திருக்கிறேன். எண்ணி வாங்கிக்கொள். போனில் பேசினால் போதாதா, எதற்குக் கடிதம் என்று கேட்கிறாய். நம் மார்க்கெட்டில் நான் போனை எடுத்தால் பக்கத்து மூன்று கடைக்காரர்கள் கை வேலையை நிறுத்திவிடுகிறார்கள். பணம் கொண்டுவருகிற ஆங்கடியாக்காரருக்கு ஒரு காகிதம் கூடக் கொண்டுவருவதில் பாரமில்லை.

நம் சேலைக் கடைக் கணக்கை நீ பாவ்நகரில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டரில் பார்ப்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பாக்கி வைத்தவர்களுக்கெல்லாம் சாஃப்ட்வேரே வாட்ஸாப்பில் நினைவூட்டல் அனுப்பும், ஆன் செய்யட்டுமா என்று கேட்டாயே, அது மட்டும் வேண்டாம். இந்தூர் கோத்தாரி நமக்கு ஆறு லட்சம் தர வேண்டும். நான் ரயிலேறிப் போவேன். அவர் கடை மெத்தையில் உட்கார்ந்து கச்சோரி தின்பேன். அவர் மனைவியின் முழங்கால் வலியை விசாரிப்பேன். பணத்தைப் பற்றி மூச்சு விடமாட்டேன். கிளம்பும்போது செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே, “சேட், கொஞ்சம் நம்ம பக்கமும் பாருங்க” என்பேன். “மறப்பேனா கிரீட்பாய்?” என்பார். அடுத்த வாரம் பணம் வரும். அவசரப்படுகிறவனுக்கு இங்கே மதிப்பில்லை, ஹன்சு. மெஷினுக்குக் கச்சோரி தின்னத் தெரியாது.

நவீன்குமாரை விசாரித்ததாகச் சொல்.

உன் மோட்டாபாய்,
கிரீட்


பாவ்நகர்,
செப்டம்பர் 5

பூஜ்ய மோட்டாபாய்க்கும் சரளா பாபிக்கும் ஹன்சாவின் நமஸ்காரம்.

வட்டி வந்தது. இங்கே எல்லோரும் நலம். இவருக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, எண்ணெயில் பொரித்த காட்டியா தின்பது குறையவில்லை. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

ஒரு சமாசாரம். நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டை வீட்டுக்காரர் ஜானி விற்கப் போகிறாராம். “இத்தனை வருஷமா இருக்கீங்க, உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன். ஜனவரி உத்தராயணம் வரைக்கும் பொறுக்கறேன், அப்புறம் வெளியாளுக்குக் கொடுத்துருவேன்” என்றார். இவர் மறுநாளே மாடியேறித் தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார், ஏதோ இவர் பெயருக்கே எழுதியாகிவிட்டது போல. இவருக்குப் பிப்ரவரியில் ஓய்வு. பாங்க் கடன் கொஞ்சம் கிடைக்கும். மீதி எப்படியோ புரளும். சும்மா தகவலுக்காகத்தான் எழுதினேன்.

கணக்குப் பார்த்தேன். தவணை தாண்டிய பாக்கி மட்டும் நாற்பத்தொரு லட்சம் நிற்கிறது. பார்க்காத பயிரும் பாழ், கேட்காத கடனும் பாழ் என்பார்கள். நீங்கள் எத்தனை ஊருக்கு ரயிலேறிக் கச்சோரி தின்ன முடியும்? நினைவூட்டலை மூன்று கட்டமாக எழுதி வைத்திருக்கிறேன். முதல் கட்டம் சர்க்கரைப் பாகு. இரண்டாவதில் கொஞ்சம் உப்பு. மூன்றாவதில் வட்டியும் வக்கீலும் வருவார்கள். முதல் கட்டத்திலேயே பாதிப் பேர் கொடுத்துவிடுவார்கள். யோசித்துச் சொல்லுங்கள்.

உங்கள் ஹன்சா


சூரத்,
செப்டம்பர் 28

ஹன்சாவுக்கு ஆசீர்வாதம். ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா.

நவராத்திரி அமளியில் பதில் தாமதம். உன் பாபி இந்த வயதிலும் கர்பா ஆடிவிட்டு வந்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். மற்றபடி சுகம்.

ஜானி வீட்டு விஷயத்தை இரண்டு முறை படித்தேன். உனக்குப் பணம் வேண்டுமா? இப்போது கையில் இருக்கிறது. பாட்னாவிலிருந்து ஒரு பழைய பாக்கி மொத்தமாக வந்தது. ஒரு வரி எழுது, உன் ஒன்பது லட்சத்தையும் நாளைக்கே அனுப்பிவிடுகிறேன். வேண்டாமென்றால் தறிக்காரர் வினுபாயிடம் ரொக்கமாகக் கொடுத்துத் தீபாவளிக்குத் துணி எடுப்பேன், மீதிக்கு அவர் கடன் தருவார். உன் பதில் வரும்வரை அந்தப் பணத்தைத் தொடமாட்டேன். என்னிடம் என்ன கூச்சம்?

நினைவூட்டல் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மோட்டாபாய்


பாவ்நகர்,
அக்டோபர் 2

பூஜ்ய மோட்டாபாய்க்கு நமஸ்காரம். சுகம். உங்கள் இருவர் சுகத்துக்கும் ஸ்ரீநாத்ஜி துணை.

நீங்கள் கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. வீட்டைப் பற்றி ஏன்தான் எழுதினேனோ! பணம் வேண்டாம், அவசரமே இல்லை. சீசன் நேரத்தில் உங்கள் வியாபார முதலில் கை வைத்தால் நான் என்ன தங்கை? வினுபாயிடம் தாராளமாகத் துணி எடுங்கள். எங்களுக்கு வேறு வழி இருக்கிறது.

இன்னொன்று சொன்னால் திட்டுவீர்கள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இன்று விஜயதசமி, நல்ல நாள். காலை பத்து மணிக்கு முதல் கட்ட நினைவூட்டலை ஆன் செய்துவிட்டேன். தவணை தாண்டிய நூற்று முப்பது பேருக்கும் ஒரே நொடியில் போய்விட்டது. வாசகம் மரியாதையாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு நாலு காசு வேகமாக வந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே. கோபம் வேண்டாம்.

பாபியின் இடுப்புக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஹன்சா


சூரத்,
அக்டோபர் 30

ஹன்சாவுக்கும் நவீன்குமாருக்கும் தீபாவளிப் புதுவருஷத்து ஆசிகள். சால் முபாரக்.

பண்டிகை நன்றாகக் கழிந்திருக்கும். நாங்கள் இருக்கிறோம். உன் பாபி மோகன்தால் இனிப்புச் செய்தாள், கொஞ்சம் இறுகிவிட்டது.

வியாபாரம் சுமார். எல்லா ஊரிலும் சுமார் என்கிறார்கள். துணி கொஞ்சம் தங்கிவிட்டது. உன் மெஷினுக்கு ஓய்வு கொடேன், அதுவும் பண்டிகை கொண்டாடட்டும். உன்மேல் வருத்தமில்லை, நல்லதை நினைத்துத்தான் செய்தாய்.

உத்தராயணத்துக்குள் உன் பணம் வந்துவிடும். நீ கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். இந்த மாத வட்டி இத்துடன் இருக்கிறது.

மோட்டாபாய்


பாவ்நகர்,
நவம்பர் 9

பூஜ்ய மோட்டாபாய்க்கு நமஸ்காரம். நலம். உங்கள் கடிதம் சின்னதாக இருந்தது, வேலை அதிகம் போலிருக்கிறது.

உத்தராயணத்துக்குள் என்று நீங்களே எழுதியதைப் படித்ததும் எனக்கு உயிர் வந்தது. இப்போது சொல்வதில் தப்பில்லை. இவர் ஆகஸ்டிலிருந்து தினமும், “அண்ணன்கிட்ட கேட்டியா?” என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். நானும் தினமும், “கேட்டேன், தரேன்னு சொல்லியிருக்கார்” என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். அன்று மாலையே இவர் ஜானியிடம் ஒரு லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். உத்தராயணத்துக்குள் மீதியைக் கட்டாவிட்டால் முன்பணம் திரும்பாது. அதற்கெல்லாம் அவசியம் வராது.

மெஷினுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னீர்கள். நான் அதற்கு எதிர்மாறாகச் செய்தேன். முதல் நினைவூட்டலுக்குப் பணம் அனுப்பியவர்கள் நாலே பேர், அதுவும் சில்லறை. அடி மேல் அடி வைத்தால்தானே அம்மி நகரும்? அதனால் எல்லோரையும் மூன்றாம் கட்டத்துக்கு மாற்றிவிட்டேன். இனி வாரம் ஒருமுறை போகும், வட்டிக் கணக்கோடு.

உங்கள் இந்தூர் கோத்தாரி பதில் போட்டிருந்தார். “கிரீட்பாய்க்கு உடம்பு சரியில்லையாம்மா? நேர்ல வராம கேக்கற ஆள் இல்லையே அவர்” என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு லட்சம் தர வேண்டியவருக்கு உங்கள் உடம்பைப் பற்றிக் கவலை பாருங்கள்.

ஹன்சா


பாவ்நகர்,
டிசம்பர் 4

பூஜ்ய மோட்டாபாய்க்கு நமஸ்காரம்.

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. நேற்று ஆங்கடியாக்காரர் வட்டி கொண்டுவந்தார். கூடக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டேன், கையை விரித்தார். எப்போதும் புதுக் கட்டாக வரும், இந்த முறை ஐம்பதும் இருபதுமாகக் கசங்கி வந்தது. இவர் எண்ணிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

போன் செய்தால் பாபி எடுக்கிறார். குளிக்கிறார் என்கிறார், கோவிலுக்குப் போயிருக்கிறார் என்கிறார். சாஃப்ட்வேரில் பார்த்தால் தீபாவளிக்குப் பிறகு பத்துப் பில்கூடப் போடவில்லை. வரவுப் பக்கம் வெறிச்சென்று கிடக்கிறது. நூற்று முப்பது பேரும் நினைவூட்டலைப் படித்திருக்கிறார்கள், இந்த முறை ஒருவரும் பதில் போடவில்லை. என்ன நடக்கிறது அங்கே?

ஜானி இரண்டு முறை வந்துவிட்டார். நான் பணத்துக்காக எழுதவில்லை, மோட்டாபாய். உங்கள் உடம்பைத்தான் கேட்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு வரி போடுங்கள்.

ஹன்சா


சூரத்,
டிசம்பர் 15

ஹன்சாபென்னுக்கு சரளாவின் ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா.

சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உங்களிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதை மீறித்தான் எழுதுகிறேன்.

கடை போய்விட்டது.

நீங்கள் விஜயதசமியன்று அந்தப் பித்தானை அமுக்கினீர்களே, அப்போது அவர் மார்க்கெட் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சுற்றி நமக்குப் பாக்கி வைத்த நாலு தரகர்கள் நின்றார்களாம். ஒருவர் போன் அடித்தது. உடனே அடுத்தவர் போன். நாலு பேரும் எடுத்துப் பார்த்துவிட்டு ஒருவர் போனை ஒருவரிடம் காட்டினார்கள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம், கீழே இவர் பெயர். மாணக்சந்த் தரகர் மட்டும், “என்ன கிரீட்பாய், எல்லாத்தையும் சுருட்டறீங்களா?” என்று கேட்டாராம். இவர் சிரித்து மழுப்பிவிட்டு வந்தார். வீட்டில் தண்ணீர் கேட்டார், குடிக்கவில்லை.

உங்கள் படிப்பில் இது வராது, ஹன்சாபென். முப்பது வருஷமாக அவசரப்படாத ஆள் ஒரே நாளில் எல்லோரையும் கேட்டால், கடையைச் சாத்திவிட்டு ஓடப் போகிறான் என்றுதான் இங்கே அர்த்தம். ஓடப் போகிறவனுக்கு யார் பணம் கொடுப்பார்கள்? இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் கொடுக்கவே வேண்டாமே! கோத்தாரி சேட்கூடக் கையை இழுத்துக்கொண்டார். இவர் இந்தூர் போனார். உட்காரச் சொன்னார்கள், கச்சோரி வந்தது, பணம் வரவில்லை. வினுபாய் அதுவரை கடனில் துணி கொடுத்தவர், ரொக்கம் வை என்றார். அதையும் சமாளித்திருப்பார். நீங்கள் வட்டியும் வக்கீலும் என்று வாராவாரம் அனுப்ப ஆரம்பித்தீர்கள். அதோடு முடிந்தது. தர வேண்டியவன் எல்லாம் ஒளிந்துகொண்டான், வாங்க வேண்டியவன் எல்லாம் கடையில் வந்து உட்கார்ந்தான். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்தது.

நிறுத்தச் சொல்லி உங்களுக்கு எழுதுங்கள் என்று நான் அழுதேன். “ஓய்வு கொடுன்னு எழுதினேன்ல, அதுக்கு மேல என்ன எழுத? அவளாலதான்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா” என்றார்.

போன வாரம் மார்க்கெட் பெரியவர்கள் பஞ்சாயத்துப் போலப் பஞ்ச் கூட்டித் தீர்த்து வைத்தார்கள். கடை, சரக்கு, என் நகை எல்லாம் போட்டு, கடன் கொடுத்தவர்களுக்கு ரூபாய்க்கு இருபத்தெட்டுப் பைசா. வாங்கிக்கொண்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். உறவுக்காரர் பணம் பஞ்ச்சில் சேராது, அது வீட்டு விவகாரமாம். உங்கள் ஒன்பது லட்சத்துக்கு ஒரு பைசாவும் இல்லை. போன மாத வட்டிக்கு வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களை விற்றார். சில்லறையாகத்தான் கொடுத்தார்கள்.

உங்களைத் திட்டத்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது அதற்கும் தெம்பில்லை. அவர் காலையில் எழுந்து தாபி ஆற்றுப் பாலத்துக்குப் போய் நிற்கிறார். நேற்று கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். நான் செருப்புப் போடாமல் பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். வழியில் சொல்கிறார்: “கடன்காரங்க வந்து உக்காந்தப்ப பயமா இருந்துச்சு சரளா. ஆனா வந்தாங்க. கிரீட்கிட்ட கேட்டா கிடைக்கும்னு ஒரு நினைப்பு இருந்துச்சு. இப்ப தெருவுல பாத்தா பாவம்னு ஒதுங்கிப் போறான். எங்கிட்ட கேக்க ஒரு ஆள் இல்லை.”

நான் என்ன செய்வேன்? எத்தனை நாள் பின்னாலேயே ஓடுவேன்? நீங்களாவது ஏதாவது எழுதுங்கள்.

சரளா


பாவ்நகர்,
டிசம்பர் 17

மோட்டாபாய்,

பாபி எழுதிவிட்டார். அவரைக் கோபிக்காதீர்கள்.

நான்தான் கெடுத்தேன். வேண்டாம் என்று நீங்கள் இரண்டு முறை சொல்லியும் கேட்காமல் செய்தேன். உங்களுக்காகச் செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் பொய். எனக்கு என் பணம் வேண்டியிருந்தது. உங்களிடம் கேட்க வாய் வரவில்லை. நீங்களே கையில் வைத்துக்கொண்டு வேண்டுமா என்று கேட்டபோதும் கௌரவமாக வேண்டாம் என்றேன். உங்கள் ஒருவரிடம் கேட்க முடியாமல் நூற்று முப்பது பேரிடம் மெஷினை விட்டுக் கேட்க வைத்தேன். எனக்கு மன்னிப்புக் கிடையாது.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தினமும் சொன்ன பொய்யையும். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பிட்ட தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். வீடும் போயிற்று, முன்பணமும் போயிற்று. உத்தராயணத்துக்குப் பிறகு எங்கே இருப்போம் என்று தெரியவில்லை.

இத்தனையும் எழுதியது உங்கள் மனதைக் கரைக்க அல்ல. எனக்கு உங்களிடம் காரியம் இருக்கிறது.

பஞ்ச் எதை வேண்டுமானாலும் தீர்த்திருக்கட்டும். நான் அதில் இல்லை, எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. இருபத்தெட்டுப் பைசா எனக்கு வேண்டாம். ரூபாய்க்கு நூறு பைசாவும் வேண்டும். நீங்கள் என்னிடம் ஒன்பது லட்சம் கடன்பட்டிருக்கிறீர்கள், மோட்டாபாய். அதைத் தராமல் நீங்கள் எங்கேயும் போக முடியாது. பாலத்துக்கும் போக முடியாது. எனக்கு இரக்கமில்லை என்று நினைத்தாலும் சரி. ஆயிரம் ரூபாயாகக் கொடுங்கள், நூறு ரூபாயாகக் கொடுங்கள், எத்தனை வருஷமானாலும் நான் வாங்கிக்கொள்வேன். விடமாட்டேன். இதை மெஷின் எழுதவில்லை, நானே எழுதுகிறேன்.

என் பணம் எனக்கு வேண்டும். எப்போது தருவீர்கள்? நாள் குறித்து எழுதுங்கள்.

ஹன்சா


சூரத்,
ஜனவரி 11

ஹன்சாவுக்கு ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா.

உன் கடிதம் வந்து வெகுநாள் ஆயிற்று. படித்ததும் கோபம் வந்தது. கடை வைத்திருந்த காலத்தில்கூட என்னிடம் இப்படி அதட்டிக் கேட்டவன் கிடையாது. அன்று பாலத்துக்குப் போகவில்லை. உனக்கு என்ன பதில் எழுதுவது என்று உட்கார்ந்தே பொழுது போய்விட்டது. மறுநாளும் அப்படித்தான்.

வினுபாய் தறிக்கூடத்தில் துணி மடிக்கிற இடத்தில் மேற்பார்வைக்கு ஆள் தேடினார். போய்க் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், “வாங்க” என்றார். சம்பளம் பதினான்காயிரம். நேற்றுவரை என்னை சேட் என்று கூப்பிட்டவர்களுக்கு நடுவே நிற்கிறேன். முதல் நாள் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். இன்னும் சில நாள் காலையில் எழுந்திருக்கப் பிடிப்பதில்லை. உன் பாபி கடிகாரத்தை எடுத்து என் கையில் கட்டித் தள்ளிவிடுகிறாள்.

நவீன்குமாரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நேரில் வந்து காலில் விழலாம் என்றால் பாவ்நகர் வரப் பயணச் செலவு இருக்கிறது. அதை உனக்கே அனுப்புவது மேல்.

இத்துடன் இரண்டாயிரம் இருக்கிறது. இது வட்டியல்ல, அசலில் கழித்துக்கொள். இப்படி மாதம் இரண்டாயிரமாகக் கொடுத்தால் எப்போது தீரும் என்று கணக்குப் போட்டேன். எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு. தொண்ணூற்றைந்து வயதுவரை நான் இருந்தாக வேண்டும் போலிருக்கிறது. உன் பாபி தலையில் அடித்துக்கொள்கிறாள்.

அடுத்த தவணை பத்தாம் தேதி. வராவிட்டால் கேள்.

உன் மோட்டாபாய்,
கிரீட்